பிட் நின்றால் மெஷின் சுற்றும்

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் கடிதச் சுருக்கம் இது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறார். படிப்பறையில் மகள் படிக்கும் மேசைக்கு மேலே புத்தக அலமாரி, குளியலறையில் துண்டு போடும் கம்பி, ஜன்னலில் திரைச்சீலைக் கம்பி என்று மூன்று வேலைகள் கிடக்கின்றன. நாலைந்து துளைக்காக எந்த ஆளும் வருவதாக இல்லை. எனவே 650 வாட் திறனும், பிட் எனும் துளையிடும் தண்டைக் கவ்வும் 13 மி.மீ. சக்கும் கொண்ட ஹேமர் ட்ரில் ஒன்றை வாங்கிவிட்டார்.

முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். படிப்பறைச் சுவரில் போட்ட முதல் துளை வழவழவென்று இறங்கியது. ஆனால் அகலமாகிப் போனதால், திருகைப் பிடிக்கச் சுவருக்குள் செருகும் ரால் பிளக் உள்ளே சுழல்கிறது. குளியலறையில் பிட்டை வைத்து அழுத்திய மாத்திரத்தில் டைல் விரிசல் விட்டது. ஜன்னலுக்கு மேலே நாற்காலியில் ஏறி நின்று துளையிட்டபோது, நான்கு செ.மீ. வரை தூள் கொட்டியபடி போன பிட் அதற்குமேல் நகரவில்லை. பக்கவாட்டில் இரண்டு விரல் தள்ளிப் போட்ட துளையும் அதே ஆழத்தில் நின்றது. விரல் வலித்ததால் ட்ரிகரைப் பூட்டும் பொத்தானை அழுத்திவிட்டு, உடல் எடை முழுவதையும் கொடுத்துத் தள்ளியிருக்கிறார். பிட் சட்டென்று மாட்டிக்கொள்ள, மெஷின் கையோடு திருகிச் சுழன்றது. வயர் இழுபட்டு மின் பிளக் கழன்றதால்தான் நின்றது. பிறகு சுழற்சியைத் தலைகீழாக மாற்றி பிட்டை வெளியே எடுத்தார்.

அதற்குப் பிறகு படிப்பறையில் இரண்டாவது துளை போட முயன்றால் சத்தம் மட்டும் வருகிறது, துளை விழவில்லை, பிட்டின் நுனி நீலமாகிவிட்டது. பத்து நாளாகியும் வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் வலி போகவில்லை. அவருடைய கேள்விகள்: மெஷின் கெட்டுவிட்டதா? கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார், வாதாடலாமா? “இதெல்லாம் ஆம்பளைக் கை வேலை” என்று கணவர் சொல்வது உண்மையா? கையுறை போட்டு, பிட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே துளையிட வேண்டும் என்கிறார் தம்பி, சரியா? உடல் பிளாஸ்டிக் என்பதால் ஷாக் அடிக்காது என்று நினைக்கிறேன், சரிதானே? பேசாமல் ரோட்டரி ஹேமர் வாங்கிவிடலாமா?

அன்புச் சகோதரிக்கு,

மெஷின் இருக்கட்டும், முதலில் மணிக்கட்டு. கட்டுமானக் கருவிகளில் பயிற்சி கொடுப்பவன் நான், மருத்துவன் அல்ல. ஆனால் துரப்பணக் கருவி முறுக்கிய கையில், கட்டைவிரலின் அடிப்பக்கக் குழிவில் அழுத்தினால் வலிக்கிறது என்று யார் சொன்னாலும் எலும்பு மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். அந்த இடத்தில் ஸ்காஃபாய்டு என்ற சிறிய எலும்பு இருக்கிறது. அதில் விழும் மெல்லிய முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போவது உண்டு. அதனால்தான் பத்து, பதினான்கு நாள் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்க்கிறார்கள், அல்லது எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். அந்த எலும்பின் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் சேராமலே போய்விடலாம். “சுளுக்குதான், சரியாகிவிடும்” என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். என்ன நடந்தது, கை எந்தப் பக்கம் திருகியது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும் வரை மெஷின் பெட்டியிலேயே இருக்கட்டும்.

மெஷின் கெட்டுவிட்டதா?

கெடவில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. மாட்டிக்கொண்ட பிட்டை எடுக்கச் சுழற்சியைத் தலைகீழாக்கினீர்கள். அதைத் திரும்ப மாற்றியதாக எங்கும் எழுதவில்லை. ட்ரிகருக்கு அருகில் இடமும் வலமும் தள்ளக்கூடிய ஒரு சிறு நெம்பு இருக்கும். அது இன்னும் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன்.

பிட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்டைச் சுற்றி முறுக்காக ஓடும் பள்ளங்கள் அழகுக்கு இல்லை, உள்ளே நொறுங்கும் தூளை வெளியே ஏற்றிக் கொண்டுவரத்தான். பின்னாலிருந்து பார்க்கும்போது பிட் கடிகார முள் திசையில் சுழன்றால் தூள் வெளியே வரும். எதிர்த்திசையில் சுழன்றால் அதே பள்ளங்கள் தூளை உள்ளே திணிக்கும். துளை அடைபடும், உராய்வில் சூடேறும், நுனி நீலமாகும். நுனியில் குறுக்காகப் பதித்த டங்ஸ்டன் கார்பைடு துண்டும் ஒரு திசைச் சுழற்சிக்காகத் தீட்டப்பட்டது. தலைகீழாகச் சுழற்றிக்கொண்டு ஹேமர் அடியும் கொடுத்தால் அது உதிர்ந்தும் போகலாம். எனவே அந்த பிட் இனி உதவாது. புதிதாக ஒரு கான்கிரீட் பிட் வாங்குங்கள்.

இரண்டு சோதனைகள் போதும். மெஷினைக் காற்றில் ஓட்டி ட்ரிகரை விடுங்கள். வேகம் குறைந்து நிற்கும் தருணத்தில் சக் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அடுத்து, மேலே உள்ள குமிழ் சுத்தியல் படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தியல் படம் இருந்தால் அடியும் சுழற்சியும், பிட் படம் மட்டும் இருந்தால் வெறும் சுழற்சி. நெம்பையும் குமிழையும் மெஷின் முழுவதுமாக நின்ற பிறகே மாற்ற வேண்டும்.

கடைக்காரரோடு வாதாடுவதை இந்தச் சோதனை முடியும் வரை ஒத்திவையுங்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் இடித்து, நீலம் பாய்ந்த பிட்டோடு போய் நின்றால், தவறான பயன்பாடு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவர் சொல்வதில் பாதி நியாயமும் இருக்கும்.

உடல் எடையைக் கொடுத்தது ஏன் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹேமர் ட்ரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள் எதிரெதிரே இருக்கின்றன. பிட்டைச் சுவரில் வைத்து அழுத்தும்போது அவை ஒன்றையொன்று தொடும். ஒரு தகட்டின் பற்கள் மற்றதன் மீது ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி விழும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் மெஷினில் இந்த அடிகள் 45,000ஐத் தாண்டும். ஆனால் ஒவ்வொன்றும் மிகச் சிறிய அடி. அழுத்தாவிட்டால் தகடுகள் தொடாது, அடியே கிடையாது. அளவுக்கு மீறி அழுத்தினாலோ மோட்டார் திணறி வேகம் குறையும், வேகத்தோடு அடியும் குறையும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் கொட்டும் தூளைப் பார்த்தே அறியலாம். தூள் சீராகக் கொட்டி, மோட்டாரின் ஒலி இறங்காமல் இருந்தால் அந்த அழுத்தம் சரி. ஒலி இறங்குகிறது, தூள் நிற்கிறது என்றால் உடனே கையைத் தளர்த்த வேண்டும். நீங்கள் அந்த நேரத்தில் கூட்டியிருக்கிறீர்கள்.

ஆண் கையா, பெண் கையா?

துரப்பணக் கருவியைப் பார்த்ததும் எல்லோரும் சுழலும் பிட்டைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். பெரும்பாலான மணிக்கட்டு விபத்துகள் பிட் நின்றுபோகும் நொடியில் நடக்கின்றன. மோட்டார் சுழன்றே தீரும். பிட் சுற்ற முடியாமல் சுவரில் மாட்டிக்கொண்டால் மெஷின் சுற்றும், மெஷினைப் பிடித்திருக்கும் கையும் சேர்ந்து சுற்றும். சுதாரித்துப் பிடிக்க நேரம் இருக்காது. உங்கள் கணவர் பிடித்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். தோள் அகன்ற ஆட்கள் மணிக்கட்டில் கட்டோடு பயிற்சிக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன். பலசாலிகள் பக்கக் கைப்பிடியை மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அவர்களிடம் உள்ள கோளாறு.

அந்தக் கைப்பிடியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அது பெட்டியில்தான் கிடக்கிறது என்று ஊகிக்கிறேன். மெஷினின் கழுத்தில் மாட்டித் திருகி இறுக்கும் அந்தத் துண்டு, சுழற்சி அச்சிலிருந்து உங்கள் இடது கையை ஒரு சாணுக்கு அருகில் தள்ளி வைக்கிறது. முறுக்கு விசை அதேதான், ஆனால் தூரம் கூடக் கூட அதைத் தாங்க வேண்டிய பலம் குறைகிறது. பின்பிடியை மட்டும் பிடித்திருக்கும்போது மணிக்கட்டு ஒன்றே தாங்க வேண்டியிருந்ததை, இப்போது முழங்கையும் தோளும் பகிர்ந்துகொள்கின்றன. ஐந்து மி.மீ. துளைதானே என்று எண்ணி இதைக் கழற்றி வைக்கக் கூடாது.

ட்ரிகரைப் பூட்டும் பொத்தானைச் சுவர் வேலையில் தொடவே வேண்டாம். பிட் மாட்டும் நொடியில் உங்களைக் காப்பாற்றக்கூடியது தானாகத் தளரும் விரல் ஒன்றுதான். பொத்தான் பூட்டியிருந்தால் விரல் தளர்ந்தாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு மின் பிளக் கழன்றது அதிர்ஷ்டம். வயர் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் நிலைமை வேறு.

நாற்காலியும் ஆகாது. இரண்டு கைகளும் மெஷினில் இருக்கும்போது உங்களைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை. மெஷின் திருகும் விசை நாற்காலியையும் சேர்த்தே தள்ளும். மேலே அகலமான மிதிபலகை உள்ள ஏணியை விரித்துப் பூட்டி, துளை போட வேண்டிய இடம் மார்புக்கும் தோளுக்கும் இடையில் வரும் உயரத்தில் நில்லுங்கள். ஒருவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும். கணவரின் பலத்துக்கு நல்ல வேலை இது.

மூன்று சுவர், மூன்று கதை

ஜன்னலுக்கு மேலே நீங்கள் துளைத்தது செங்கல் இல்லை. ஜன்னல் திறப்பின் மேல் சுமையைத் தாங்கக் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் லிண்டல் அது. மேல் பூச்சு ஒன்றரை செ.மீ. அளவுக்கு இருக்கும். அதன் பின்னால் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் பொதுவாக இரண்டு, இரண்டரை செ.மீ. இரண்டையும் கூட்டினால் உங்கள் பிட் நின்ற நான்கு செ.மீ. வந்துவிடுகிறது. முட்டியது இரும்புக் கம்பி. லிண்டலின் முக்கியக் கம்பிகள் கிடையாக, ஜன்னலின் நீளத்துக்கு ஓடுபவை. நீங்கள் பக்கவாட்டில் இரண்டு விரல் நகர்ந்தீர்கள். அதே கம்பிதான் அங்கேயும் காத்திருந்தது. மேலே நகர்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பியிருப்பீர்கள்.

கம்பி தட்டுப்பட்டதற்கு அடையாளம் உண்டு. சாம்பல் தூள் கொட்டுவது நின்று, ஒலி கூர்மையாகி, துளைக்குள் டார்ச் அடித்தால் பளபளப்பாக ஒரு கீற்று தெரியும். அந்த நொடியிலேயே நிறுத்திவிட வேண்டும். கம்பியை அறுத்துக்கொண்டு போகும் பிட்டுகள் இருக்கின்றன என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தக் கம்பி கட்டடத்தினுடையது, திரைச்சீலைக்காக அதில் கைவைக்கக் கூடாது. ஐந்து செ.மீ. மேலே போய்ப் புதுத் துளை போடுங்கள், அல்லது லிண்டலுக்கு மேல் செங்கல் தொடங்கும் இடம் வரை ஏறுங்கள். கைவிட்ட இரண்டு துளைகளையும் தூள் போக்கி, சுருங்காத சிமெண்ட் கலவையால் அடைத்துவிடுங்கள். ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கும். பீம், தூண் ஆகியவற்றில் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் துளையிட வேண்டாம். சில அடுக்குமாடிகளில் கூரைத்தளத்துக்குள் எஃகு வடங்களை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட கட்டடம் என்றால் மேற்கூரைப் பக்கமே போகக் கூடாது.

படிப்பறைச் சுவர் இதற்கு நேர்மாறு. வழவழவென்று இறங்கியது என்கிறீர்கள். பிட் செங்கலுக்குப் போகாமல் இரண்டு செங்கற்களுக்கு இடையிலான சாந்தில் இறங்கியிருக்கலாம், அல்லது மென்மையான செங்கலை ஹேமர் அடி பொடியாக்கியிருக்கலாம். வெளியே வந்த தூளின் நிறத்தைப் பாருங்கள்: செந்நிறம் என்றால் செங்கல், கடைசி வரை சாம்பல் நிறமே என்றால் சாந்து. சாந்தில் விழுந்திருந்தால் சில செ.மீ. தள்ளிச் செங்கலின் நடுப்பகுதியில் புதிதாகத் தொடங்குவதே நல்லது. மென்மையான செங்கலில் ஹேமரை அணைத்து வெறும் சுழற்சியில் துளையிட்டுப் பாருங்கள், துளை அளவாக விழும். உள்ளே வெற்றிடம் உள்ள பிளாக்கிலும், எடை குறைந்த நுரைக் கான்கிரீட் பிளாக்கிலும் ஹேமரே வேண்டாம். அவற்றுக்கென்று தனி ரால் பிளக்குகள் உண்டு. ஆடும் பிளக்கைச் சுற்றித் தீக்குச்சி செருகுவது காலண்டர் மாட்டப் போதும். ஒரு மீட்டர் புத்தக வரிசை எளிதாக 20 கிலோவைத் தாண்டும், அதுவும் பெண்குழந்தை உட்கார்ந்து படிக்கும் மேசைக்கு மேலே. பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் உட்கார்ந்தால்தான் அந்த எடையை நம்பி ஏற்றலாம். பூச்சுக்கு எந்தப் பலமும் இல்லை.

டைலுக்குக் காரணம் ஒரு வரி: ஹேமர். டைல் சுட்ட பொருள், அடி தாங்காது. குமிழை வெறும் சுழற்சிக்கு மாற்றி, ஈட்டி முனை கொண்ட டைல் பிட்டை மாட்டி, பிட் வழுக்காமல் இருக்க ஒட்டுநாடாவைக் குறுக்காக ஒட்டி, மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். டைலைக் கடந்த பிறகு கான்கிரீட் பிட்டுக்கு மாறலாம். டைலின் ஓரத்தையும் மூலையையும் தவிர்க்க வேண்டும். பலர் விடும் தவறு ஒன்று: ரால் பிளக்கின் தலை டைலின் தடிமனுக்குள் நிற்கும்படி விட்டுவிடுவது. திருகு இறங்கும்போது பிளக் விரிந்து, துளையிடும்போது பிழைத்த டைலைத் திருகும்போது உடைத்துவிடும். பிளக்கை டைலுக்குப் பின்னால் வரை தள்ளி இறக்குங்கள்.

துளைக்கு முன் செய்ய வேண்டியவை

மின் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அவசரம் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. ரால் பிளக்கில் அச்சிட்டிருக்கும் அளவும் பிட்டின் அளவும் ஒன்றாக இருக்கட்டும். பிட்டின் தண்டைச் சக்கின் மூன்று தாடைகளுக்கும் நடுவே, முறுக்குப் பள்ளம் தாடைக்குள் போகாமல் உள்ளே விட்டு, முதலில் கையால் இறுக்குங்கள். பிறகு சக் சாவியை ஒரு துளையில் மட்டும் போட்டு முறுக்கிவிட்டுப் போகாதீர்கள். மூன்று துளைகளிலும் மாற்றி மாற்றி இறுக்கினால்தான் பிடிப்பு சமமாக இருக்கும். சாவியை உடனே எடுத்துப் பெட்டியில் போடுங்கள். சக்கில் மறந்துவிட்ட சாவி, ட்ரிகரை அழுத்தியதும் முகத்தை நோக்கிப் பறக்கும். மின் பிளக்கைக் கடைசியில் மாட்டுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

பக்கக் கைப்பிடியோடு ஆழம் காட்டும் நீளக் கம்பி ஒன்று வந்திருக்கும். பூச்சின் தடிமனோடு பிளக்கின் நீளத்தைக் கூட்டி, தூள் தங்க இன்னும் ஐந்து, பத்து மி.மீ. சேர்த்து அதை நிறுத்துங்கள். கம்பி தொலைந்துவிட்டால் பிட்டின் மீது ஒட்டுநாடாவைச் சுற்றியும் அளவு வைக்கலாம்.

கால்களை அகட்டி, உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கைகளை லேசாக மடக்கி நில்லுங்கள். கைப்பிடி இடஞ்சுழியாகத் திருகினால் எதில் இடிக்கும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குறித்த புள்ளியில் மெதுவான வேகத்தில் ஒரு சிறு குழி விழும் வரை தொடங்கி, பிறகு வேகம் கூட்டுங்கள். பிட் சுவருக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்ந்தால் ஓரத்தில் இறுகும். ஓரிரு செ.மீ.க்கு ஒருமுறை, பிட் சுழன்றுகொண்டிருக்கும்போதே வெளியே இழுத்துத் தூளைக் கொட்டவிட்டு மறுபடி இறக்குங்கள். துளைக்குள்ளேயே நிறுத்தினால் தூள் இறுகி, அடுத்த முறை ட்ரிகரை அழுத்தும்போது பழைய கதை திரும்பும். ஒருவேளை மாட்டிக்கொண்டால், ட்ரிகரை விட்டு, மின் பிளக்கைக் கழற்றி, சக்கைத் தளர்த்தி மெஷினைத் தனியே எடுத்துவிட்டு, பிட்டை இடுக்கியால் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பி எடுங்கள். தலைகீழ்ச் சுழற்சியைப் பயன்படுத்தினால் ஹேமரை அணைத்து, மிக மெதுவாக, இரு கையாலும் பிடித்து. வேலை முடிந்ததும் நெம்பைத் திருப்பிவையுங்கள்!

பிளாஸ்டிக் உடல் எதுவரை காக்கும்?

மெஷினின் பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருக்கிறதா? இரட்டைக் காப்பு என்று அதற்குப் பொருள். மோட்டாருக்குள் கோளாறு ஏற்பட்டால் அந்த மின்சாரம் உங்களைத் தொடாது. சுவருக்குள் ஓடும் உயிர்வயரை பிட் துளைத்துவிட்டால் கதை வேறு. மின்சாரம் பிட் வழியாகச் சக்குக்கும், வெளியே தெரியும் உலோகக் கழுத்துக்கும் வந்துவிடும். அங்கே விரல் பட்டிருந்தால் பிளாஸ்டிக் காக்காது. எனவே பிடிக்க வேண்டிய இடம் பின்பிடியும் பக்கக் கைப்பிடியும் மட்டுமே.

பதித்த வயர்கள் பெரும்பாலும் ஸ்விட்ச் பெட்டியிலிருந்தும் விளக்குப் புள்ளியிலிருந்தும் நேர்மேலாகவோ கிடையாகவோ ஓடும். அந்தக் கோடுகளின் இருபுறமும் 15 செ.மீ. விட்டுவிடுங்கள். சுவரின் மறுபக்கத்தையும் போய்ப் பார்க்க வேண்டும். அந்த அறையின் ஸ்விட்ச் பெட்டி உங்கள் அலமாரிக்கு நேர் பின்னால் இருக்கலாம், குளியலறையென்றால் தண்ணீர்க் குழாய் இருக்கலாம். வயர் கண்டறியும் சிறு கருவி துணைக்கு நல்லது. ஆனால் அது ஒலிக்கவில்லை என்பதற்காக வயர் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது, குறுக்கே ஓடும் வயர்களும் பழைய வீடுகளில் உண்டு. உறுதியான வழி, துளையிடும் சுவருக்கான எம்சிபியை (மின்பெட்டியில் உள்ள தானியங்கி ஸ்விட்ச்) இறக்கிவிட்டு, வேறு சர்க்யூட்டில் இருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து மெஷினை ஓட்டுவது. அந்த சர்க்யூட் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வழியாக வருவதாக இருக்கட்டும். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்றும் பாருங்கள். 650 வாட் என்பது 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு, சாதாரண வயர் தாங்கும். சுருளாக இருந்தால் முழுவதும் பிரித்துவிடுங்கள், சுருட்டிய வயர் சூடேறும்.

கையுறை, தண்ணீர், கைக்குட்டை

உங்கள் தம்பி நல்லெண்ணத்தில் சொன்ன இரண்டு யோசனைகளும் ஆபத்தானவை. தளர்வான நூல் கையுறையின் ஓர் இழை சுழலும் சக்கில் சிக்கினால் விரலையும் இழுத்துக்கொண்டு போகும். துப்பட்டா, தொங்கும் முழுக்கை, வளையல், பின்னாத கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே விதி. தண்ணீர்? மின்சாரத்தில் ஓடும் மெஷினின் காற்றுத் துளைகளுக்குள் அது இறங்கினால் நான் மேலே சொன்ன இரட்டைக் காப்புக்குப் பொருளே இல்லாமல் போகும். போதாததற்குத் தூள் சேறாகித் துளையை அடைக்கும். கான்கிரீட் பிட்டுக்குத் தண்ணீர் தேவையும் இல்லை. சூடானால் வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிடுங்கள், நுனியைத் தொட்டுப் பார்க்காதீர்கள்.

கைக்குட்டை கட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். செங்கல், கான்கிரீட், டைல் மூன்றின் தூளிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலின் அடிவரை போகும் துகள்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை, துணி அவற்றைத் தடுக்காது. அந்தத் தூளைத் தொழிலில் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்குச் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருகிறது. அதற்குக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாலு துளையால் அந்த நோய் வந்துவிடாது. ஆனாலும் என்95 முகக்கவசம் மலிவான பொருள், மூக்கின் மேல் கம்பியை அழுத்தி இடைவெளி இல்லாமல் போட்டுக்கொள்ளுங்கள். துளைக்குக் கீழே ஒரு காகித உறையை வாய் திறந்தபடி ஒட்டிவைத்தால் பாதித் தூள் அதில் விழுந்துவிடும். துளையை வாயால் ஊதாதீர்கள், அது நேராகக் கண்ணுக்கு வரும். சிறு ரப்பர் ஊதுகுழல் போதும். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி, தலைக்கு மேலே துளையிடும்போது பக்கமும் மூடியதாக இருக்கட்டும். காதும் முக்கியம். ஹேமர் முறையில் காதருகே 100 டெசிபல் அளவுக்கு ஒலி வரும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்குப்படி அந்த ஒலியில் நாளொன்றுக்கு 15 நிமிடம்தான் காதுக்குத் தகும். அதிர்வு பற்றிக் கவலை வேண்டாம். நாள் முழுவதும் துளைப்பவர்களுக்குத்தான் விரல் மரத்து வெளுக்கும் நோய் வரும், உங்களுக்கு வேலையே அரை மணி நேரம்.

ரோட்டரி ஹேமர் வாங்கலாமா?

உங்கள் மூன்று வேலைகளில் கான்கிரீட் ஒன்றே ஒன்று. அதற்காக இன்னொரு மெஷின் வாங்குவது வீண். ரோட்டரி ஹேமர் வேறு வகை: காற்றழுத்தத்தில் பிஸ்டன் அடிக்கும், நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான், ஆனால் ஒவ்வோர் அடியும் கனம். கான்கிரீட்டில் வெண்ணெய்போல் இறங்கும். நீங்கள் தள்ளத் தேவையில்லை, பிடித்துக்கொண்டால் போதும். பிட் மாட்டினால் வழுக்கிவிடும் கிளட்ச் அதில் பெரும்பாலும் இருக்கும், உங்கள் ஹேமர் ட்ரில்லில் அநேகமாக இல்லை. அந்த ஒரு காரணத்துக்காக, அடிக்கடி கான்கிரீட்டில் துளையிடுபவருக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அதற்கான, தண்டில் காடி வெட்டிய எஸ்டிஎஸ் பிட்டுகள் வேறு, உங்களிடம் உள்ளவை பொருந்தாது. கம்பியில் முட்டினால் அதுவும் நிற்கும். லிண்டல் துளைகளுக்கு மட்டும் ஒருநாள் வாடகைக்கோ தெரிந்தவரிடமோ வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது ஒரு ஆசாரியை அந்த ஒரு வேலைக்கு அழையுங்கள், அதில் தோல்வி ஏதும் இல்லை.

மருத்துவர் அனுமதித்த பிறகு, லிண்டலை விட்டுவிட்டுப் படிப்பறையில் இருந்து தொடங்குங்கள். வயர் இல்லை என்று உறுதியான இடத்தில், இடுப்பு உயரத்தில், புதிய ஆறு மி.மீ. பிட்டால், நெம்பு சரியான பக்கத்தில், ஹேமரை அணைத்து ஒருமுறையும் போட்டு ஒருமுறையும் துளைத்துப் பாருங்கள். அடி போட்டும் போடாமலும் ஒரே மாதிரி ஒலித்தால், அல்லது சரியான திசையில் சுழன்றும் தூள் வராவிட்டால், அல்லது காற்றில் ஓடும்போதே கரகரத்துக் கருகல் வாடை வந்தால், உள்ளே தகடோ மோட்டாரோ போயிருக்கிறது. அப்போது ரசீதையும் வாரண்டி அட்டையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாமல் நிறுவனத்தின் சேவை மையத்துக்கே போங்கள். புதிய பிட், சரியான சுழற்சி, செங்கல் சுவர், இந்த மூன்றிலும் வேலை செய்யவில்லை என்று எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.